மரத்தில் எண், கடையில் பலகை: ஆப்காரி உரிமத்தின் கதை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையில் நின்றுகொண்டு கள்ளுக்கடையைப் பற்றிப் பேசுவது முறைதானா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். குடி நல்லதா கெட்டதா என்ற வழக்கை இன்று நான் எடுக்கப்போவதில்லை. அதைப் பேச நம் ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. குடிக்க, விற்க, இறக்க அரசாங்கம் கொடுத்த சீட்டு இருக்கிறதே, அந்தச் சீட்டின் வரலாறுதான் என் பொருள். வெள்ளைக்காரர் ஆட்சியில் அதை யார் யாருக்குக் கொடுத்தார்கள், என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்க மறுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் ஒன்று தெளிவாகிறது. குடியைக் குறைப்பதாகச் சொல்லித்தான் உரிமம் வந்தது. அது உண்மையில் செய்த வேலை, யார் எதைக் குடிக்கலாம், எந்த இடத்தில் உட்கார்ந்து குடிக்கலாம் என்று ஆட்களை வகை பிரித்தது. அந்த வகைப்பாட்டில் எப்போதும் அடிமட்டத்தில் நின்றவர் மரம் ஏறியவர். இதுவே நான் இன்று சொல்ல வந்தது.

செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, கண்மாய்க் கரைகளில் பனை. அப்புறம் காட்டழகர் கோயில் மலை, சாம்பல் நிற மலை அணில் வாழும் காடு. சரணாலயம் 1988இல் வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால், நான்கு ஆண்டு இடைவெளியில், இரண்டு சட்டங்கள் இந்த அடிவாரத்துக்கு வந்துசேர்ந்தன. 1882இல் சென்னை வனச் சட்டம். 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம், அதாவது மதுத் தீர்வைச் சட்டம். முன்னது காட்டுக்குள் ஆடுமாடு போகவும் விறகு எடுக்கவும் சீட்டுக் கேட்டது. பின்னது காட்டுக்கு வெளியே நின்ற மரத்தில் பாளை சீவச் சீட்டுக் கேட்டது. அதுவரை வழக்கத்தின் பெயரால் நடந்துவந்தவை எல்லாம் அதன் பிறகு அனுமதியின் பெயரால் நடக்க வேண்டியதாயிற்று.

ஜமீனுக்குக் கிடைக்காத வரி

கதையை அதற்கும் முன்னால் தொடங்க வேண்டும். பாளையக்காரர் போர் 1801இல் முடிந்தது. மறு ஆண்டே கம்பெனி அரசு நிரந்தர நிலவரித் திட்டத்துக்கான ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறை என்று அதற்குப் பெயர். பாளையங்கள் ஜமீன்களாயின. நமக்குப் பக்கத்திலுள்ள சேத்தூரும் சிவகிரியும் அப்படி ஜமீன்களானவைதான். அந்த ஒழுங்குமுறையில் ஒரு பிரிவு, ஜமீன்தாருக்குச் சேராத வருமானங்கள் எவை என்று பட்டியல் போடுகிறது: உப்பு, வெடியுப்பு, சுங்கம், ஆப்காரி.

இதை நின்று கவனிக்க வேண்டும். நிலம் ஜமீன்தாருக்கு, அதில் நிற்கிற பனை ஜமீன்தாருக்கு, மரத்துப் பாட்டமும் ஜமீன்தாருக்கு. ஆனால் அந்தப் பனையிலிருந்து வடிந்தது புளித்துக் கடைக்குப் போனால், அதன் வரி கம்பெனிக்கு. நிலவரியைத் தலைமுறைக்கும் உயர்த்த முடியாதபடி கட்டிப்போட்ட கம்பெனிக்கு, ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போகக்கூடிய வருமானம் ஒன்று கையில் வேண்டியிருந்தது. குடி மேல் விழுந்த வரி அப்படிப்பட்டது. விளைச்சல் பொய்த்தாலும் அது பொய்க்காது.

தொடக்கத்தில் அரசு தன் கையால் எதையும் தொடவில்லை. ஒரு வட்டாரம் முழுவதிலும் சாராயம் காய்ச்சி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. கூடக் கேட்டவருக்குக் குத்தகை. அவர் உள்குத்தகை விடுவார். அரசுக்கு ஆள் செலவு இல்லை, தவணை தவறாமல் பணம் வந்தது. ஆனால் குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை ஓர் ஆண்டுக்குள் எடுத்தாக வேண்டும். இருக்கிற கடையில் விற்றுத் தீராவிட்டால் இன்னொரு கடை திறப்பார். குடியைப் பெருக்குவதில்தான் அவருக்கு ஆதாயம். இந்தக் குறையைக் காட்டித்தான் 1886 சட்டம் வந்தது.

சட்டத்தைச் செயல்படுத்திய இலாகாவின் பெயரே ஒரு பாடம். உப்பு ஆப்காரி இலாகா. தூத்துக்குடி உப்பளத்தையும் உள்நாட்டுக் கள்ளுப் பானையையும் ஒரே துறை கவனித்தது. கடல்நீர் தானாக உப்பாகிறது, பனஞ்சாறு தானாகக் கள்ளாகிறது. இயற்கை தன் போக்கில் செய்கிற இரண்டு காரியங்களுக்கும் அனுமதி கேட்க வைப்பதே அந்த இலாகாவின் வேலை.

ஒரு விரல் சுண்ணாம்பு

மரத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் பனையேற்றம் மாசி வாக்கில் தொடங்கி ஆடி, ஆவணி வரை போகும். விடியுமுன் பனையேறி புறப்படுவார். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார், கையில் முருக்குத்தடி. மேலே போய்ப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவுவார். இரவில் வடிந்ததை ஊற்றி எடுத்துக்கொண்டு கலயத்தைத் திரும்பக் கட்டுவார். சாயங்காலம் இன்னொரு முறை ஏறுவார். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை வாய் அடைத்துப்போகும். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, காய்ச்சல் கிடையாது.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு இனிப்பாகவே இருக்கும். அது பதனி. விடிலியில் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாமல் விட்டால், வெயில் ஏறுவதற்குள் அது கள். ஆள் அதேதான், மரம் அதேதான், பாளையும் அரிவாளும் அதேதான். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

1886 சட்டம் இந்தச் சுண்ணாம்பைப் பார்க்கவில்லை. தென்னை, பனை, ஈச்சை உள்ளிட்ட எந்தப் பனைவகை மரத்திலிருந்து இறக்கிய சாறும், புளித்திருந்தாலும் புளிக்காவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் கள்தான். பதனி இறக்க விட்டது, அரசு தனியாகக் காட்டிய சலுகை. சலுகை என்றால் என்ன பொருள்? கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அதைச் சோதித்துப் பார்க்க ஆள் வருவார். கலயத்தில் சுண்ணாம்பு போதாது, சாறு புளித்த வாடை அடிக்கிறது என்று இலாகாக்காரர் சொல்லிவிட்டால், கருப்பட்டிக்காரர் அந்தக் கணத்திலிருந்து கள் இறக்கிய குற்றவாளி. மேகமூட்டமான நாளில் சுண்ணாம்பு கொஞ்சம் முன்பின் ஆவது பனங்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஒரு குடும்பத்தின் சோறு இலாகாக்காரரின் மூக்கை நம்பி இருந்தது.

கள் இறக்க வேண்டுமானால் மரவரி கட்ட வேண்டும். தென்னைக்கு ஒரு விகிதம், பனைக்கு ஒரு விகிதம். எந்தத் தோப்பில் எந்த மரம் என்று விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் எண் போடுவார்கள். எண் இல்லாத மரத்தில் கள் கலயம் தொங்கினால் வழக்கு.

இந்த ஏற்பாட்டில் மூன்று பேர் இருந்தார்கள். தோப்புக்காரருக்கு மரத்துப் பாட்டம். கடைக்காரருக்கு விற்பனை லாபம். ஏறியவருக்குக் கூலி. லைசென்ஸ் கடைக்காரர் கையில், எண் தோப்புக்காரரின் மரத்தில். கழுத்தெலும்பைப் பணயம் வைத்து ஏறியவரின் பெயர் குற்றம் நடந்தால்தான் காகிதத்தில் ஏறும். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்ற செய்தியைத் தியாகத்துக்குச் சான்றாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆப்காரி முறையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அதன் கூர்மை புரியும். மரத்துப் பாட்டம் வாங்குகிற தோப்புக்காரரும் கடையில் கூட்டாளிதான் என்பதை ஒரு தோப்புக்காரரே ஒப்புக்கொண்ட செயல் அது. அந்த மறியலில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் நின்றது இன்னொரு பெரிய திருப்பம். கடை வாசலுக்குப் பெண்கள் வந்ததும் உரிமச் சீட்டு என்பது வீட்டு வழக்காகிவிட்டது.

மரம் ஏறிய சமூகத்துக்குள்ளேயே இந்தத் தொழிலிலிருந்து வெளியேற வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1910இல் பொறையாற்றில் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் கல்விக்கும் வணிகத்துக்கும் அழைத்தது. கள் இறக்குவதை விடச் சொன்னது. விருதுநகரும் சிவகாசியும் வணிக ஊர்களாக எழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு தொழில் முழுவதையும் இலாகாவின் சந்தேகத்துக்கு உட்படுத்திய சட்டத்தை அந்தக் காரணங்களோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அதே 1910இல்தான் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலியிலிருந்து பிரிந்து புதிய ராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறியதே தவிர, மரத்தில் போட்ட எண் அப்படியே இருந்தது.

கடைக்கு நான்கெல்லை

கடைகள் ஏலத்தில் போயின. இந்த எல்லைக்குள் இந்த இடத்தில் இத்தனை கடை என்று முன்கூட்டியே முடிவாகும். கடைக்கு நான்கெல்லை உண்டு. வயலுக்குப் பத்திரம் எழுதுகிற மாதிரி வடக்கே இன்னது, தெற்கே இன்னது என்று எழுதினார்கள். கூடக் கேட்டவர் முன்பணம் கட்டி, மாதக் கிஸ்தி கட்டிக்கொண்டு வர வேண்டும். கிஸ்தி தவறினால் கடை மறு ஏலம், நட்டம் பழைய ஏலதாரர் தலையில்.

லைசென்ஸில் நிபந்தனைகள் வரிசையாக இருந்தன. குறித்த நேரத்தில் கடை அடைக்க வேண்டும். சிறுவர்களுக்கு ஊற்றக்கூடாது. சூதாட்டம் கூடாது. காசு தவிரத் தானியமோ துணியோ நகையோ வாங்கிக்கொண்டு ஊற்றக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை எழுதியவருக்கு ஊர் நிலவரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. களத்துமேட்டில் கூலியாக அளந்த கம்பும் சோளமும் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கே திரும்பும் என்று தெரிந்தவர் எழுதிய வரி அது. ஆனால் கிஸ்தி கட்ட வேண்டிய ஏலதாரரும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஏலத்தொகையை ஏற்றிக்கொண்டே போகிற அரசாங்கம், அந்தத் தொகையை எடுக்க ஒரே வழியான விற்பனையைக் குறைக்கச் சொல்லி நிபந்தனையும் எழுதுகிறது. ஒரு கையால் வண்டி மாட்டை விரட்டிக்கொண்டு மறு கையால் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கிற வேலை.

கள்ளுக்கடை ஒரு வகை என்றால் சாராயக்கடை இன்னொரு வகை. ஊருக்கு ஊர் காய்ச்சுவதை நிறுத்தி, பெரிய வடிப்பாலைகளில் காய்ச்சி, இவ்வளவு வீரியம் என்று அளந்து, கிட்டங்கிக்கு அனுப்பிக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியாரின் ஆலை இதில் பெரிய பெயர். 1897இல் உருவான நிறுவனத்தின் பெயரிலேயே வடிப்பாலையும் சர்க்கரையும் சேர்ந்திருந்தன. ஊரில் பானை வைத்துக் காய்ச்சியவர் கள்ளச்சாராயக்காரர் ஆனார். ஆலையில் காய்ச்சியவர் ஒப்பந்ததாரர் ஆனார். ஊறல் போட வேலம்பட்டையும் வெல்லமும் கிடைத்து, ஆவியைக் குளிரவைக்க ஓடைத் தண்ணீரும் கிடைக்கிற மலையடிவாரம் இலாகாவுக்கு நிரந்தரத் தலைவலியாக இருந்ததில் வியப்பு ஒன்றும் இல்லை.

மூன்றாவது வகை, அயல்நாட்டு மது. இதற்கு வேறு உலகம், வேறு உரிமம். கிளப்புக்கு ஒரு விதம், ஓட்டலுக்கு ஒரு விதம், ரயில்வே சிற்றுண்டி அறைக்கு ஒரு விதம். பெரிய ரயில் நிலையங்களில் ஸ்பென்சர் கம்பெனியார் நடத்திய உணவறையில் மேசை விரிப்பு, கரண்டி, முள்கரண்டி, சூப், அதோடு ஒரு கிளாஸ். அங்கே குடிப்பது சாப்பாட்டில் ஒரு பகுதி. நம் கள்ளுக்கடை ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில், கூரைக்கடியில். தொட்டுக்கொள்ளச் சுண்டலோ கருவாடோ வாசலில் ஒரு ஆயா விற்பார். அங்கே குடிப்பது பழக்கதோஷம், ஒழுங்குக்குறைவு. குடிக்கிற பொருளை வைத்து வந்த வித்தியாசம் அல்ல இது. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தாரா, தரையில் குந்தினாரா என்று பார்த்து உரிமம் பிரித்தது. ஒரு கடைக்கு ஏலம், இன்னொன்றுக்குக் கட்டணம். ஒன்றை இடம் மாற்ற ஊர் மனு போட வேண்டும், இன்னொன்றுக்கு ஊர் அபிப்பிராயம் தேவைப்படவே இல்லை.

சீனர் கடையும் தோட்டத்துக் கள்ளும்

இந்த வகைப்பாடு இன்னும் பச்சையாகத் தெரியும் இடம் கடல் தாண்டி இருக்கிறது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் இறங்கியது 1819இல். வரி வாங்கத் துறைமுகத்தில் சுங்கம் இல்லை, தீர்வையில்லாத் துறைமுகம் என்பதே அதன் கவர்ச்சி. அப்படியானால் செலவுக்குப் பணம்? 1820இலேயே ரெசிடென்ட் ஃபார்குவார் அபின் விற்கவும் சாராயம் விற்கவும் சூதாட்டம் நடத்தவும் உரிமைகளை ஏலம் விட்டார். சென்னை மாகாணத்துக் குத்தகை முறையின் உடன்பிறப்பு அது. எடுத்தவர்கள் பெரும்பாலும் சீன வணிகர்கள். குடித்தவர்களும் புகைத்தவர்களும் பெரும்பாலும் சீனக் கூலிகள். சியாங் ஹாங் லிம் என்ற பெருவணிகர் 1870களில் அபின், சாராயக் குத்தகைகளில் கொடிகட்டிப் பறந்தவர். அவர் கொடுத்த பணத்தில் 1876இல் உருவான பசும்புல் திடல் இன்று ஹாங் லிம் பூங்கா. சிங்கப்பூரின் பேச்சாளர் முனை அங்கேதான் இருக்கிறது. சாராயக் குத்தகைப் பணம் பேச்சுரிமைக்கு இடம் கொடுத்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1910இல் அபினை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. குத்தகைக் காலம் முடிந்து லைசென்ஸ் காலம் வந்தது. சீனர் கடை என்றால் அது ஒரே சமயத்தில் பல கடை. முன்னால் மளிகை. உள்ளே சலவைக்கல் மேசை, வளைகால் நாற்காலி. காப்பி, நூடுல்ஸ், சாம்சு என்கிற அரிசிச் சாராயம், பீர், ஸ்டவுட். கூலி நாள் வரை கணக்கில் எழுதிக்கொள்ளும் நோட்டு. சோறும் குடியும் கடனும் ஒரே கூரையின் கீழ் இருந்த இந்தக் கடையை எந்த வகையில் சேர்ப்பது என்பது உரிமம் எழுதியவர்களுக்குத் தீராத தொல்லை. உட்கார்ந்து குடிக்க விடலாமா, புட்டியாக மட்டும் விற்கலாமா, பீர் மட்டுமா, எத்தனை மணி வரை? முதல் வகுப்புப் பொதுமதுக்கடை, இரண்டாம் வகுப்பு, பீர்க்கடை என்று பிரித்துக்கொண்டே போனார்கள். அந்தப் பிரிவுகள் விடுதலைக்குப் பிறகும் மலேசிய விதிகளில் நீடித்தன.

ரப்பர் தோட்டத்துத் தமிழருக்கு இந்தப் பட்டியலில் ஒதுக்கிய இடம் தோட்டத்துக் கள்ளுக்கடை. தோட்ட எல்லைக்குள், நிர்வாகத்தின் மேற்பார்வையில், வேலை முடிந்த நேரத்தில் திறக்கும் கடை. கள்ளுக்கடை இல்லாவிட்டால் தமிழர்கள் சீனர் கடைச் சாம்சுவுக்குப் போய்விடுவார்கள், அது உடம்பைக் கெடுக்கும் என்று தோட்டத்துரைமார் வாதாடினார்கள். கள்ளின் லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்றும் சொன்னார்கள். அக்கறைதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். காலையில் கொடுத்த கூலி சாயங்காலம் தோட்ட எல்லையைத் தாண்டாமல் திரும்பி வந்துவிடுகிறது. வெளிக்கடைக்குப் போனால் மறுநாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் குறையும். இங்கே குடித்தால் விடியற்காலையில் பால் மரத்தடியில் நிற்பார். துரைக்குக் கிளப்பு, சீனருக்குச் சாப்பாட்டுக் கடை, தமிழருக்குக் கொட்டகை. ஒரே வட்டாரத்தில் மூன்று பலகைகள். மூன்றிலும் ஒரே அரசின் முத்திரை.

அதனால்தான் 1947இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தபோது அதன் முதல் குறி கள்ளுக்கடையாக இருந்தது. சீருடை போட்டுக்கொண்டு அணிவகுத்துப் போய்க் கடைகளை மூடச் சொன்னார்கள். போலீசோடு மோதல் வந்தது, தொழிலாளர் உயிர் போனது. அவர்களைக் குடிக்கு எதிரான பக்தர்கள் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். தங்களை எந்தக் கொட்டகையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

இலங்கையிலும் இதே சூடு. சாராயக் குத்தகையில் பெரும் செல்வம் திரட்டிய குடும்பங்கள் ஒரு பக்கம். 1912இல் ஆப்காரிச் சட்டத்தை மாற்றிப் புதிய கள்ளுக்கடைகள் திறக்க முயன்றபோது கிளம்பிய மதுவிலக்கு இயக்கம் மறுபக்கம். அந்த மேடைகளில்தான் சேனநாயக சகோதரர்கள் பொதுவாழ்வுக்கு வந்தார்கள். நாட்டின் முதல் பிரதமர் அந்த இயக்கத்தில் பயின்றவர்.

வருமானத்துக்கு அடிமைப்பட்டவர் யார்?

1905இல் இந்திய அரசு தன் ஆப்காரிக் கொள்கையை ஒரு தீர்மானமாக வெளியிட்டது. குடிக்காதவருக்குச் சபலம் வராமல் பார்ப்பதும், குடிப்பவர் மிதமிஞ்சாமல் தடுப்பதும் நோக்கம். வருமானம் அதற்கு அடுத்ததுதான் என்பது அதன் சாரம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானமாக ஆப்காரி வளர்ந்துவிட்டிருந்தது. 1920க்குப் பின் இரட்டையாட்சி வந்தபோது கல்வியும் ஆப்காரியும் இந்திய அமைச்சர்கள் கையில் வந்தன. பள்ளிக்கூடம் திறக்கப் பணம் வேண்டும். பணம் கள்ளுக்கடையிலிருந்து வரும். குழந்தையின் படிப்புக்கு அப்பனின் குடி செலவு கொடுக்கிற ஏற்பாடு இது என்று காந்தி கடுமையாகச் சாடினார்.

அந்த முடிச்சை அவிழ்க்கத் துணிந்தவர் ராஜாஜி. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை. 1939இல் வட ஆர்க்காடு. ஒழிந்த வருமானத்துக்கு மாற்றாக 1939இல் விற்பனை வரி வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி வேர்பிடித்த வழி இதுதான். கள்ளுக்கடை மூடியதன் விலையை மளிகைக்கடையில் எல்லோரும் சேர்ந்து கட்டினோம். போர்க்காலத்தில் மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். விடுதலைக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அவருக்கு அடுத்து 1949இல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்து 1952 வரை அதை நடத்தியவர் ராஜபாளையத்துக்காரர், பூ.ச. குமாரசுவாமி ராஜா. ஆப்காரிப் பணம் இல்லாமல் ஓர் அரசை நடத்திக் காட்டிய முதலமைச்சர்களில் ராஜபாளையத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்த மனிதருக்கு, சேராத பணத்தை வேண்டாம் என்று சொல்வது கடினமாக இருந்திருக்காது.

அப்புறம் என்ன ஆயிற்று? 1971இல் தடை தளர்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்ப வந்தது. 1981இல் திரும்பத் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் உருவானது. 1987இல் கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் மூடினார்கள். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே வந்தது. 1802இல் ஜமீன்தாரிடமிருந்து பிரித்து எடுத்து, குத்தகைதாரரிடமும் ஏலதாரரிடமும் கைமாறிய உரிமை, இருநூறு ஆண்டு சுற்றிவிட்டு அரசின் கல்லாப்பெட்டிக்கு நேராகவே வந்து சேர்ந்தது.

வகைப்பாடு மட்டும் மாறவில்லை. கிளப்புக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3. அங்கே சாப்பாட்டு மேசையோடு குடி. டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்கு விடுகிற டெண்டரைப் படித்துப் பாருங்கள். தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் உரிமை என்று இருக்கும். சுண்டல் விற்ற ஆயாவின் இடத்தையும் ஏலத்தில் கொண்டுவந்தாயிற்று.

பனையேறியின் நிலையோ இன்னும் விசித்திரம். மதுவிலக்கு வந்தபோது வேலை இழந்தவர்களுக்காகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தது நல்ல காரியம். ஆனால் பதனி இறக்கவும் உரிமம் வேண்டும் என்ற பழைய சந்தேகம் புதிய சட்டத்திலும் குடிபுகுந்தது. தென்னையிலிருந்து நீரா இறக்க 2017இல் வழி பிறந்தபோதும் அது உரிமத்தோடுதான் பிறந்தது. ஆலையில் வடித்துப் புட்டியில் அடைத்தது அரசுக் கடையில் கிடைக்கிறது. கலயத்தில் வடிந்ததுக்கு ஏறியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிவாக

மூன்று கருத்துகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பனைத் தொழிலை மதுச் சட்டத்தின் பிடியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பதனியும் கருப்பட்டியும் உணவு. அவற்றைத் தரம் பார்க்க உணவுப் பாதுகாப்புத் துறை இருக்கிறது. சுண்ணாம்பு போதுமா என்று பார்ப்பது போலீசின் வேலை அல்ல. 1886இல் எழுதிய வரையறையின் நிழலில் ஒரு தொழிலை இன்னமும் நிறுத்தி வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கள்ளுக்கு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. அதில் உங்களுக்குள் இரண்டு கட்சி இருக்கலாம். பதனியில் இரண்டு கட்சி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, மது பற்றிய எந்த அரசாணையையும் படிக்கும்போது விலையையும் நேரத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். இது யாரை எங்கே உட்கார வைக்கிறது என்று கேளுங்கள். ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் குளிர்சாதன மேசையும் இன்னோரிடத்தில் சாக்கடை ஓரத் திண்ணையும் கொடுக்கிற உரிமம், குடிப்பழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியது அல்ல. குடித்து விழுந்தவரைப் பற்றி நாம் பேசுகிற இளக்காரத்தில் பாதி, அந்தத் திண்ணையை ஒதுக்கியவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தது.

மூன்றாவது மாணவர்களுக்கு. பழைய மாவட்ட அரசிதழ்களில் கடை ஏல அறிவிப்புகள் இருக்கின்றன, நான்கெல்லையோடு இருக்கின்றன. ராஜபாளையம், சேத்தூர், மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று ஊர்வாரியாக எடுத்து வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எந்தத் தெருவை ஒட்டிக் கடை வந்தது, எந்தத் தெருவிலிருந்து மனு போட்டு விலகிப்போனது என்று பாருங்கள். ஒரு ஊரின் சாதி, வர்க்கக் கணக்கு அந்தப் படத்தில் தெரிந்துவிடும். பனை ஏறிய முதியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இலாகாக்காரர் வந்தால் மரத்தின் மேலிருந்து எப்படிக் குரல் கொடுத்தார்கள், எண் போட்ட மரத்தை எப்படி அடையாளம் வைத்தார்கள், பதனிக் கலயத்துக்கு எதற்காக அபராதம் கட்டினார்கள் என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அரசிதழில் கடைக்காரர் இருக்கிறார், வரி இருக்கிறது, கிஸ்தி இருக்கிறது. மரம் ஏறியவர் இல்லை. அவரைச் சேர்க்காமல் இந்த மாவட்டத்தின் வரலாறு முழுமை பெறாது. அதைச் செய்கிற முதல் ஆய்வு இந்த ஊர்க் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தால், இந்த அறக்கட்டளை தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்டது என்று சொல்லலாம்.